டபுள் பேஸின் பிறப்பிடம்: பெயர்ச்சீட்டு சொல்வதும் மரம் சொல்வதும்

வயலின் குடும்பத்துக் கருவிகளுள் உருவில் மிகப் பெரியதும் மிகத் தாழ்ந்த சுரங்களை ஒலிப்பதுமான டபுள் பேஸ், ஐரோப்பாவின் எந்த ஊரில், எந்தப் பட்டறையில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று கண்டறிவது, வயலினுக்குச் செய்வதைவிடப் பல மடங்கு கடினமான பணியாகும். வயலினின் வடிவம் 16ஆம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது; டபுள் பேஸுக்கோ இன்றுவரை ஒரே வடிவம், ஒரே அளவு என்று எதுவும் வகுக்கப்படவில்லை. ஆளுயரத்தை மிஞ்சும் கருவி என்பதால் அது அடிக்கடி இடிபட்டு, பழுதுபார்க்கப்பட்டு, தூக்கிச் செல்ல வசதியாகக் குறுக்கி வெட்டப்பட்டு, காலத்தின் தேவைக்கேற்பத் தந்திகள் கூட்டப்பட்டு, பல கைகளின் வேலையைத் தாங்கியே இன்று நம் முன் நிற்கிறது. சென்னை போன்ற நகரங்களுக்குக் கப்பலேறி வந்த கருவிகளைப் பொறுத்தவரை, வாங்கிய ரசீதும் பழுதுபார்த்த குறிப்பும் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டன; ஆகவே கருவியின் உடலையே ஆவணமாகக் கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு படிக்கும்போது எந்தச் சான்றுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது, எந்த இடத்தில் முடிவு கூறாமல் நிற்பது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்கு வந்த வழிகள்

ஐரோப்பிய வில்லிசைக் கருவிகளுள் தமிழகம் முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது வயலின் ஒன்றே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), மணலியைச் சேர்ந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னையில் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படுகிறார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலினை 1834-இல் பரிசளித்தார் என்பதிலிருந்து, அரை நூற்றாண்டுக்குள் அக்கருவி அடைந்த மதிப்பை உணரலாம்.

டபுள் பேஸுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. அது தேவாலய இசைக்குழுக்கள், படைப்பிரிவுகளின் இசைக்குழுக்கள், ஆங்கிலோ-இந்தியர்களின் நடன அரங்குகள், பின்னர் திரைப்பட இசைக்குழுக்கள் ஆகியவற்றின் கருவியாகவே இருந்தது. சென்னையின் மேற்கில் பூந்தமல்லியிலும் தெற்கில் பரங்கிமலையிலும் பிரிட்டிஷ் படை முகாம்கள் இருந்தன. அக்காலப் படைப்பிரிவு இசைக்குழுக்கள் அணிவகுப்புக்குக் காற்றுக்கருவிகளையும், விருந்துக்கும் நடனத்துக்கும் நரம்புக்கருவிகளையும் வைத்திருப்பது வழக்கம். 1842-இல் தொடங்கப்பட்ட மிஸ்கித் நிறுவனம், இன்று அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் இயங்குவது, மேற்கத்திய இசைக்கருவிகளும் இசைத்தாள்களும் இந்நகருக்கு வந்து சேர்ந்த முக்கிய வாயில்களுள் ஒன்றாகும். 20ஆம் நூற்றாண்டில் ஜெமினி, ஏவிஎம் முதலான படநிறுவனங்கள் பெரிய இசைக்குழுக்களைப் பயன்படுத்தத் தொடங்கியபோது டபுள் பேஸுக்குப் புதிய வேலை கிடைத்தது. ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) அத்தகைய பேரிசையின் தொடக்கக்கால அடையாளம். மின்சார பேஸ் கிட்டாரும் அதன்பின் சின்தசைசரும் வந்த பிறகு, அந்த வேலை படிப்படியாகக் குறைந்து, பழைய கருவிகள் பல மூலையில் சாத்தப்பட்டன. மூலையில் சாத்தப்பட்ட கருவிக்குப் பிறப்புச் சான்று கேட்பார் யாருமில்லை என்பதே இன்றைய சிக்கலின் தொடக்கம்.

பட்டறை ஊர்களும் வணிக ஊர்களும்

பிறப்பிடம் என்று சொல்லும்போது மூன்று வேறு இடங்கள் ஒன்றாகக் குழம்புவதுண்டு: கருவி செய்யப்பட்ட ஊர், அதை விற்ற வணிகரின் ஊர், அது யாருடைய மாதிரியைப் பின்பற்றியதோ அவரது ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருந்தன. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மார்க்நாய்கிர்ஹென் என்னும் ஊரில், பொஹிமியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டு கைவினைஞர்கள் 1677-இல் வயலின் செய்வோர் சங்கத்தை நிறுவினர். எல்லைக்கு அப்பால், அன்று ஆஸ்திரியப் பேரரசிலும் இன்று செக் நாட்டிலும் உள்ள ஷோன்பாக் (இன்றைய பெயர் லூபி) அதன் இரட்டை ஊராக வளர்ந்தது. ஒரு குடும்பம் கழுத்து மட்டும் செதுக்க, இன்னொன்று மேற்பலகை மட்டும் குடைய, வணிகர் அவற்றைத் திரட்டி ஒன்றுசேர்த்து மெருகிட்டு ஏற்றுமதி செய்யும் வீட்டுத்தொழில் முறை அங்கே நிலவியது. பவேரிய மலையடிவாரத்தில் மத்தியாஸ் குளொட்ஸ் (1653–1743) தொடங்கிவைத்த மிட்டன்வால்டும், பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் உள்ள மிர்கூரும் மற்ற இரு பெரும் உற்பத்தி மையங்கள். லண்டன் வணிகர்கள் இவ்வூர்களில் செய்த கருவிகளை வாங்கித் தம் பெயரில் விற்பதும், அவை அங்கிருந்து குடியேற்ற நாடுகளுக்குச் செல்வதும் வழக்கமாயிருந்தன. ஆகவே சென்னையில் கிடைக்கும் ஒரு கருவியில் லண்டன் முகவரி இருப்பது, அது எங்கே விற்கப்பட்டது என்பதற்கே சான்று. எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அன்று.

பெயர்ச்சீட்டின் மதிப்பு

கருவியின் உள்ளே, மேற்பலகையின் ‘எஃப்’ வடிவத் துளை வழியே பார்த்தால் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கும் பெயர்ச்சீட்டையே பெரும்பாலோர் முதற்சான்றாகக் கொள்கின்றனர். உண்மையில் அது எளிதில் ஒட்டக்கூடியது, எளிதில் பிரித்து மாற்றக்கூடியது. இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-இல் மறைந்தார். ஆயினும் அவர் பெயரை லத்தீனில் அச்சிட்ட சீட்டுகள் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் எண்ணற்ற தொழிற்சாலை வயலின்களில் ஒட்டப்பட்டன. எந்த மாதிரியைப் பின்பற்றியது என்பதைக் குறிக்கவே பல பட்டறைகள் அவ்வாறு ஒட்டின. எல்லாவற்றையும் மோசடி என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு டபுள் பேஸில் ஸ்ட்ராடிவாரியின் சீட்டு இருந்தால் ஐயம் இன்னும் வலுக்கிறது; ஏனெனில் அவர் செய்ததென்று ஐயமின்றி ஏற்கப்பட்ட டபுள் பேஸ் எதுவும் இன்று இல்லை.

பெயரைவிட நாட்டுக் குறிப்பே அதிகம் பயன்படுகிறது. அயல்நாட்டுச் சரக்கு பொய்யான பிறப்பிடக் குறிப்புடன் விற்கப்படுவதைத் தடுக்கும் வணிகக் குறிச் சட்டம் பிரிட்டனில் 1887-இலும் இந்தியாவில் 1889-இலும் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கக் கட்டாயப்படுத்தியது. ஆகவே ‘மேட் இன் ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு, அதில் 1721 என்று ஆண்டு போட்டிருந்தாலும், பெரும்பாலும் 1887-க்குப் பிற்பட்டதே. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918-க்கு முன் அது அச்சாகியிருக்க முடியாது, ஏனெனில் அப்பெயரில் நாடு பிறந்ததே அவ்வாண்டில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷோன்பாக்கின் ஜெர்மானியக் கைவினைஞர்கள் வெளியேற்றப்பட்டு, பலர் பவேரியாவின் பூபன்ராய்ட்டில் குடியேறினர். எனவே பூபன்ராய்ட் என்ற பெயருடைய சீட்டு போருக்குப் பிந்தைய காலத்தைச் சேர்ந்தது. இவ்வாறு சீட்டு ஒரு கருவியின் வயதுக்கு மேல்வரம்பு கட்டப் பயன்படுகிறது. அதுவும் சீட்டு கருவியோடு உடன்பிறந்தது என்று பிற சான்றுகள் ஒத்துழைத்தால் மட்டுமே.

வடிவம் காட்டும் திசை

டபுள் பேஸ் இரண்டு மரபுகளின் வாரிசு. சரிந்த தோள்களும், தட்டையான பின்பலகையும், நான்கு சுர இடைவெளியில் கூட்டப்படும் தந்திகளும் வயோல் என்னும் பழைய வில்லிசைக் குடும்பத்திலிருந்து வந்தவை. சுருள் தலையும், ‘எஃப்’ துளைகளும், வயலினை ஒத்த கட்டமைப்பும் வயலின் குடும்பத்திலிருந்து வந்தவை. இவை எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பது ஓரளவு திசை காட்டும். இடுப்பருகே உள்ள மூலைகள் வயலினைப் போல் வெளிநோக்கி நீண்டிருக்கலாம், வயோலைப் போல் உள்ளடங்கியிருக்கலாம், மூலையே இல்லாமல் கிட்டாரைப் போலவும் இருக்கலாம். தட்டைப் பின்பலகையின் மேற்பகுதி ஒரு மடிப்போடு கழுத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதும், பின்பலகை வயலினைப் போல் குவிந்திருப்பதும் இருவேறு வழக்கங்கள். ஆனால் இவற்றுள் எதுவும் ஒரே நாட்டுக்கு உரியதன்று. ஆங்கிலேயர் இத்தாலிய மாதிரியையும், சாக்சனியர் ஆங்கில, இத்தாலிய மாதிரிகள் இரண்டையும் பின்பற்றினர். ஆகவே வெளிவடிவத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்வது தகாது.

அளவும் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. இன்று முக்கால் அளவு எனப்படும் வழக்கமான கருவியில், தந்தி அதிரும் நீளம், அதாவது கழுத்தின் தலைக்கட்டையிலிருந்து குதிரை வரையுள்ள தொலைவு, ஏறத்தாழ 104 முதல் 106 சென்டிமீட்டர். பழைய பெரிய கருவிகளில் அது 110 சென்டிமீட்டரைத் தாண்டுவதுண்டு. விரல் எட்டுவதற்காகப் பலவற்றின் தோள்கள் வெட்டிக் குறுக்கப்பட்டன. ஓரத்தை ஒட்டி ஓடும் கறுப்புக் கோட்டு இழைப்பு, ஓரிடத்தில் முறிந்தோ, மேல்விளிம்புக்கு வழக்கத்தைவிட நெருங்கியோ இருந்தால், அங்கே உடல் வெட்டப்பட்டிருப்பதை அது உணர்த்தும்.

உள்ளே காணப்படுவன

கருவியை யாரும் பார்க்காத இடத்தில்தான் கைவினைஞர் தம் பயிற்சியைத் தம்மையறியாமல் விட்டுச்செல்கிறார். எனவே பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியும், மெல்லிய குழாய்க் கேமராவும் இவ்வாய்வில் இன்றியமையாதவை. கிரெமோனா மரபில், மரத்தாலான அச்சு ஒன்றைச் சுற்றிப் பக்கப்பலகைகளை வளைத்து, நான்கு மூலைகளிலும் மேல், கீழ் முனைகளிலும் கட்டைகள் பொருத்தி உடல் உருவாக்கப்பட்டது. பழைய சாக்சனி-பொஹிமிய முறையில் அச்சே இல்லை: பின்பலகையின் மேலேயே பக்கப்பலகைகளை நிறுத்தி ஒட்டினர், சிலவற்றில் அதற்கெனப் பள்ளம் வெட்டி அதில் செருகினர், மூலைக் கட்டைகள் இருக்காது, அல்லது கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் மூடும் பொய்க்கட்டைகள் இருக்கும், கழுத்தின் அடியும் மேல்முனைக் கட்டையும் ஒரே மரத்துண்டாக இருக்கும். மேற்பலகையின் அடியில் தாழ்சுரத் தந்தியின் பக்கமாக நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம், தனியே செய்து ஒட்டப்படாமல் அப்பலகையிலேயே விட்டுக் குடையப்பட்டிருந்தால், அது மலிவான ஏற்றுமதி வேலையின் அடையாளம். சுருள் தலையின் பின்புறப் பள்ளம் தொண்டைக்குள் முழுதும் இறங்காமல் முன்னரே நின்றுவிடுவதும் அவ்வகைப் பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படும் அவசரத்தின் சுவடு.

இத்தகைய அடையாளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வலுவற்றவை. ஐந்தாறு ஒன்றுசேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போதே முடிவுக்கு வலு உண்டாகிறது. முன்பாகவே தீர்த்துக்கொள்ள வேண்டிய எளிய கேள்வி ஒன்றும் உண்டு: கருவி முழுமரத்தில் குடைந்ததா, ஒட்டுப்பலகையில் அழுத்தி வளைத்ததா என்பது. ‘எஃப்’ துளையின் விளிம்பை உற்று நோக்கினால், முழுமரத்தில் வளையக் கோடுகள் மேலிருந்து கீழாகத் தொடர்ந்து இறங்கும். ஒட்டுப்பலகையில் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். ஒட்டுப்பலகையானால் கருவி பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டினதே.

தலைப்பெட்டியில் அடைந்த துளைகள்

பிரடைகள் பொருந்தும் தலைப்பெட்டியின் இரு கன்னங்களும் டபுள் பேஸின் வரலாற்றை மிகத் தெளிவாகச் சொல்லும் இடம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் மூன்று தந்தி டபுள் பேஸ் பரவலாக வழக்கில் இருந்தது. டபுள் பேஸ் மேதை ஜோவானி பொட்டெசினி வாசித்த, டெஸ்டோரே குடும்பத்தவர் செய்த புகழ்பெற்ற கருவியும் மூன்று தந்திகளையே கொண்டிருந்தது. வியன்னாவிலோ ஐந்து தந்திகளும் கழுத்தில் கட்டிய மெட்டுகளும் வழங்கின. நான்கு தந்தி முறை நிலைபெற்றபின் பழையவற்றை மாற்றியமைத்தனர். கன்னத்தின் வெளிப்பக்கத்தில், மெருகுக்கு அடியில், சுற்றியுள்ள மரத்தின் இழையோட்டத்துக்குக் குறுக்காக அமைந்த வட்டமான செருகுகள் தெரிந்தால் அவை அடைக்கப்பட்ட பழைய துளைகள். மூன்று அடைந்த துளைகளும் நான்கு புதிய துளைகளும் இருந்தால், அக்கருவி மூன்று தந்தியோடு பிறந்தது என்று துணிந்து கூறலாம். இதோடு, பித்தளைப் பற்சக்கரமும் திருகும் கொண்ட பிரடைப் பொறி தனித்தனித் தகடுகளில் உள்ளதா, ஒரே நீண்ட தகட்டில் உள்ளதா, பழைய தகட்டின் ஆணித்துளைகள் புதிய தகட்டுக்கு வெளியே தெரிகின்றனவா என்பனவும் குறித்துக்கொள்ள வேண்டியவை. கூட்டல்குறி போன்ற பிளவுள்ள திருகாணி 1930-களுக்கு முன் புழக்கத்தில் இல்லை. அது தெரிந்தால், அந்தப் பொறியோ அதன் பொருத்தமோ அதற்குப் பிற்பட்டது.

மர வளையங்கள் தந்த தீர்ப்பு

மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. குளிர்நாடுகளில் ஒவ்வோராண்டும் அம்மரத்தில் ஒரு வளையம் சேர்கிறது. நல்ல ஆண்டில் அகலமாகவும் வறண்ட அல்லது கடுங்குளிர் ஆண்டில் குறுகலாகவும் சேர்வதால், அகல வேறுபாடுகளின் வரிசை ஒரு வட்டாரத்து மரங்கள் அனைத்திலும் ஒத்திருக்கும். ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்கு ஏற்கெனவே தொகுத்துள்ள ஆண்டுவரிசையோடு கருவியின் வரிசையைப் பொருத்தி, கடைசி வளையம் எந்த ஆண்டினது என்று கண்டறிவதே மரவளையக் காலக்கணிப்பு. அந்த ஆண்டுக்கு முன் கருவி செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே இதனால் உறுதியாகும். எத்தனை ஆண்டுக்குப் பின் செய்யப்பட்டது என்பதை அது சொல்வதில்லை, ஏனெனில் மரத்தின் வெளிவளையங்கள் செதுக்கும்போது போயிருக்கலாம், பலகை ஆண்டுக்கணக்கில் உலர்த்தப்பட்டும் இருக்கலாம்.

டபுள் பேஸ் உலகில் இம்முறை அளித்த பெரும் தீர்ப்பு, பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநராக 1924 முதல் 1949 வரை விளங்கிய செர்கே கூசவிட்ஸ்கியின் கருவியைப் பற்றியது. அது 1611-இல் கிரெமோனாவின் அமாட்டி சகோதரர்கள் செய்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கூசவிட்ஸ்கி மறைந்தபின் அவருடைய மனைவி அதை இளம் கலைஞர் கேரி காருக்கு அளித்தார். 2005-இல் வெளியான மரவளைய ஆய்வு, அதன் மேற்பலகையின் வளையங்கள் 1445 முதல் 1761 வரையானவை என்று நிறுவியது. 1761 வரை வளர்ந்துகொண்டிருந்த மரத்தை 1611-இல் யாரும் செதுக்கியிருக்க முடியாது. நெடுங்காலப் புகழ்மொழி ஓர் எண்ணின்முன் விழுந்தது. கருவியின் நாதமோ, அதை வாசித்தோரின் மேன்மையோ இதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை என்பதும் மனத்தில் கொள்ளத்தக்கது. மாறாக, ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘மெசையா’ வயலின், 1716-இல் ஸ்ட்ராடிவாரி செய்ததுதானா என்று ஐயுறப்பட்டபோது, அதன் கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது என்று கண்டது அவ்வாண்டுக்கு முரணாகவில்லை. ஒரே முறை, ஓரிடத்தில் பெயரை நீக்கியது. மற்றோரிடத்தில் ஐயத்தைத் தணித்தது.

தமிழகத்தில் சேர்ந்த இரண்டாம் வரலாறு

ஐரோப்பாவில் பிறந்த கருவி தமிழகத்தில் வாழ்ந்த காலமும் அதன் உடலில் எழுதப்பட்டுள்ளது. கர்நாடக வயலின் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து சுருளைப் பாதத்தின்மேல் ஊன்றி வாசிப்பதால், மேற்கத்திய வயலினில் முகவாய் படும் இடத்தில் மெருகு தேய்வதுபோல, இங்கே சுருளின் பக்கவாட்டில் தேய்மானம் விழுகிறது. டபுள் பேஸ் நின்றபடி வாசிக்கப்படுவதால் அதில் இவ்வேறுபாடு இல்லை. அதில் நம் ஊரின் முத்திரை பதிவது பழுதுபார்ப்பில்தான். வெக்கையும் கடற்காற்றின் ஈரமும் மாறிமாறித் தாக்கும் சென்னையில், விலங்குத்தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசை இளகி ஒட்டு விடுவது இயல்பு. மீண்டும் வஜ்ஜிரத்தால் ஒட்டினால் பின்னொரு நாளில் பிரிக்கலாம். செயற்கைப் பசையால் ஒட்டினால் பிரிக்கும்போது மரமே கிழியும். விரற்பலகை தேய்ந்தபோது கருங்காலிக்குப் பதிலாக ஈட்டி மரமும், உடைந்த பக்கப்பலகைக்குத் தேக்கும், தாங்குகட்டைக்குப் பலாவும் வைக்கப்பட்டிருக்கலாம்; ஐரோப்பியப் பட்டறைகள் இம்மரங்களில் பக்கப்பலகை வளைக்கவில்லை என்பதால், அவை தென்படும் இடம் பெரும்பாலும் இங்குள்ள தச்சர் கைபட்ட இடம் என்று கொள்ளலாம். கடைசல் பட்டறையில் செய்த மாற்றுப் பிரடையும் அடிமுனைக் கம்பியும் இவ்வாறே பிரித்தறியத்தக்கவை. இவற்றைக் குறைபாடாகக் கருதி அழித்துவிடக் கூடாது. சென்னையின் மேற்கத்திய இசை வாழ்வுக்கு எழுத்துச் சான்று அரிதாக உள்ள நிலையில், இப்பழுதுகளே அதன் சான்றுகள்.

பிறப்பிடமும் வயதும் சட்டத்தோடும் தொடர்புடையவை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்களைத் தன் வரையறைக்குள் கொண்டுள்ளது. அத்தகையவற்றை மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ அன்றி வேறெவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆகவே பழைய கருவியை விற்கவோ வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லவோ எண்ணுவோர் முதலில் அதன் வயதை முறைப்படி அறிய வேண்டும்.

செய்ய வேண்டியது

இந்தியக் கருவிகளைப் பொறுத்தவரை சென்னைக்கு நல்ல முன்னோடி உண்டு: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி விளக்க அட்டவணை தொகுத்தளித்தார். நகரில் எஞ்சியுள்ள ஐரோப்பிய நரம்புக்கருவிகளுக்கும் அதுபோன்றதொரு பதிவு வேண்டும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துத் தேவாலயங்களிலோ, பள்ளிகளிலோ, ஓய்வுபெற்ற இசைக்கலைஞர் இல்லங்களிலோ பழைய டபுள் பேஸோ செல்லோவோ இருக்குமானால், பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் அதன் முன், பின், இரு பக்கங்கள், சுருளின் நான்கு புறங்கள், பெயர்ச்சீட்டு ஆகியவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உடலின் நீளத்தையும், மேல், இடை, கீழ் அகலங்களையும், தந்தி நீளத்தையும் எழுதிவைக்க வேண்டும். கழற்றிய பிரடை, குதிரை, சீட்டு எதையும் எறியாமல் உறையிலிட்டுக் கருவியோடு சேர்த்து வைக்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று குடும்பத்தில் முதியோர் சொல்வதையும் அவர்கள் இருக்கும்போதே பதிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் விடை, பெரும்பாலும் ஒரு மேதையின் பெயராக இராது. 1900ஐ ஒட்டிய காலம், சாக்சனி அல்லது மேற்கு பொஹிமியா, பெயர் அறியாத கைவினைஞர் என்ற அளவில் நிற்கும். சான்று நிற்கும் இடத்தில் தானும் நிற்கும் அந்த விடையே, ஆதாரமற்ற பெரும்பெயரைவிட மதிப்பு மிக்கது. கருவியை வைத்திருப்போர் அதைச் செப்பனிடத் தச்சரிடம் கொடுக்குமுன் ஒரு நாள் ஒதுக்கி இப்பதிவைச் செய்வார்களானால், இந்நகரின் இசை வரலாற்றுக்கு அவர்கள் ஆற்றும் தொண்டு அதுவே ஆகும்.